புட்டு மாவும் ஆப்பிள் கிரம்பிளும்

சமையல் குறிப்புகளில் ‘எளிது’ என்ற சொல்லைப் போல் ஏமாற்றும் சொல் வேறில்லை. கைப்பேசியில் ஒரு நிமிடம் ஓடும் காணொளியில், அளந்து வைத்த மாவு கிண்ணத்தில் விழுகிறது; வெண்ணெய் விழுகிறது; யாருடையவை என்று தெரியாத இரு கைகள் எதையோ செய்கின்றன; அடுத்த நொடியில் பொன்னிறமாக வெந்த பலகாரம் மேசைக்கு வந்துவிடுகிறது. இப்படி இருபது காணொளிகளைப் பார்த்த மாணவருக்கு, ஆப்பிள் கிரம்பிள் செய்ய என்னென்ன பொருள்கள் வேண்டும் என்பது மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். மாவு எப்போது சரியான பதத்துக்கு வருகிறது என்பது மட்டும் தெரிந்திருக்காது. அதைக் கண்ணால் கற்க முடியாது. விரல்நுனியால்தான் கற்க வேண்டும்.

அந்தப் பாடத்தைத் தொடங்க ஆப்பிள் கிரம்பிளைப் போல் பொருத்தமான பலகாரங்கள் அதிகம் இல்லை. ஆப்பிள் துண்டுகளின்மீது மாவு, வெண்ணெய், சீனி மூன்றையும் பிசறித் தூவி, ஓவனில் வேகவைக்கும் இங்கிலாந்து நாட்டு இனிப்பு இது. முட்டை அடிக்க வேண்டியதில்லை. மாவைத் தேய்த்து விரிக்க வேண்டியதில்லை. நொதித்துப் பொங்கும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. சின்னச் சின்னத் தவறுகளை இது மன்னித்துவிடும். ஆனால், ஒரே ஓர் இடத்தில் மட்டும் கவனத்தைக் கேட்கும். உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும், ஆணாயினும் பெண்ணாயினும், இதைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒருமுறையாவது தம் வீட்டு அடுப்படியில் செய்து பார்க்க வேண்டும்.

இதன் ஆங்கிலப் பெயருக்கு ‘உதிர்தல்’ என்பதே பொருள். இது பணக்கார விருந்துகளுக்காகப் பிறந்த பலகாரமன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1940ஆம் ஆண்டு ஜனவரி மாதம், பிரிட்டனில் உணவுப் பங்கீடு தொடங்கியது. முதலில் பங்கீட்டுக்குள் வந்த பொருள்களுள் வெண்ணெயும் சீனியும் அடங்கும். காலத்துக்குக் காலம் அளவு கூடிக் குறைந்தாலும், ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு 57 கிராம் வெண்ணெய் என்பதே அன்றைய மக்களுக்குப் பழகிப்போன கணக்கு. அடியிலும் மேலும் மாவுத் தகடு வைத்து மூடும் ஆப்பிள் பை செய்ய அந்த வெண்ணெய் போதாது. கிரம்பிளுக்கோ மேலே தூவ மட்டும் மாவு போதும். அந்த மாவுக்குக் குறைந்த வெண்ணெய் போதும். இன்று ஆறு பேருக்குச் செய்யும் கிரம்பிளில் சேரும் 60 கிராம் வெண்ணெய், அன்று ஒருவரின் ஒரு வாரப் பங்குக்கு ஏறத்தாழச் சமம். தோட்டத்து ஆப்பிளும் கையிலிருந்த கொஞ்சம் மாவும் சேர்ந்து ஒரு குடும்பத்துக்கு இனிப்பாயின. பங்கீடு 1954ஆம் ஆண்டில் முற்றாக முடிந்தது. கிரம்பிள் இன்றும் அந்நாட்டு வீடுகளில் நிலைத்திருக்கிறது.

அந்நாட்டில் இதற்குப் பெயர்பெற்றது பிராம்லி என்னும் புளிப்பு ஆப்பிள். 1809ஆம் ஆண்டில், நாட்டிங்ஹம்ஷயரில் உள்ள சவுத்வெல் என்னும் ஊரில், மேரி ஆன் பிரைல்ஸ்ஃபர்டு என்ற சிறுமி நட்ட விதையிலிருந்து முளைத்த மரத்தின் வழிவந்தது அது. பின்னர் அந்த வீட்டை வாங்கிய மேத்யூ பிராம்லி என்னும் இறைச்சிக் கடைக்காரரின் பெயரே பழத்துக்கு நிலைத்துவிட்டது. விதை போட்டவர் பெயரைப் பழம் தாங்கவில்லை. சமையலறையில் உழைத்தவர்களின் பெயர்களுக்கும் பெரும்பாலும் இதே கதிதான்.

சிங்கப்பூர்ப் பேரங்காடிகளில் பிராம்லியைத் தேடி அலைய வேண்டாம். பச்சை நிறக் கிரானி ஸ்மித் போதும். அது 1868ஆம் ஆண்டளவில், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்கு அருகில், மரியா ஆன் ஸ்மித் என்னும் மூதாட்டியின் நிலத்தில் தோன்றிய வகை. அதில் புளிப்பு மிகுதி, சதை இறுக்கமானது, வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். வீட்டில் ஃபூஜி மட்டுமே இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஃபூஜியில் இனிப்பு மிகுதி என்பதால், பழத்தோடு சேர்க்கும் சீனியை விட்டுவிட்டு எலுமிச்சைச் சாற்றைச் சற்றுக் கூட்டினால் சரியாகிவிடும். நான்கு நாளாகக் கூடையில் கிடந்து தோல் சுருங்கிய பழத்தை யாரும் கடித்துத் தின்ன விரும்புவதில்லை. கிரம்பிளுக்கு அது குறையே அன்று.

ஆறு பேருக்கு நான்கு நடுத்தர ஆப்பிள்கள் தேவை. அவற்றைத் தோல் சீவி, நடுத்தண்டை நீக்கி, கட்டைவிரல் நுனியளவு துண்டுகளாக நறுக்க வேண்டும். நறுக்கிய ஆப்பிள் சில நிமிடங்களில் பழுப்பாகும். சதையில் உள்ள ஒரு நொதி, காற்றில் உள்ள உயிர்வாயுவோடு சேர்ந்து செய்யும் வேலை அது. எலுமிச்சையின் புளிப்பு அந்த வேலையைத் தாமதப்படுத்தும். எனவே, நறுக்கிய உடனே ஒரு மேசைக்கரண்டிச் சாற்றைப் பிழிந்து, 15 கிராம் சீனியும் அரைத் தேக்கரண்டிப் பட்டைத்தூளும் தூவிக் குலுக்கி, ஓவனில் வைக்கக்கூடிய தட்டில் பரப்பிவிடலாம். இதுவரை சிக்கல் ஒன்றும் இல்லை.

இனி மாவு. கோதுமை மாவு 120 கிராம், வெண்ணெய் 60 கிராம், சீனி 60 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. மாவு இரண்டு பங்கு என்றால் மற்ற இரண்டும் ஒவ்வொரு பங்கு. இந்த விகிதம் நினைவிலிருந்தால் குறிப்பேடு தேவைப்படாது. வெண்ணெயைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து கடைசி நேரத்தில்தான் எடுக்க வேண்டும். இங்கிலாந்துக் குறிப்புகள் இதை அழுத்திச் சொல்வதில்லை; அங்குள்ள குளிரில் அதற்கு அவசியமும் இல்லை. முப்பது பாகை வெயிலில் சிங்கப்பூர் அடுப்படி மேசைமீது வைத்த வெண்ணெய், ஆப்பிளைத் தோல் சீவி முடிப்பதற்குள் தளர்ந்துவிடும். உருகிய வெண்ணெய் மாவைக் களியாக்கும். அந்தக் களி ஓவனில் ஒரே பாளமாக இறுகும். கரண்டியால் உடைக்க வேண்டி வரும்.

ஆகவே, குளிர்ந்த வெண்ணெயைச் சிறு கட்டிகளாக வெட்டி மாவில் போட்டு, உள்ளங்கை படாமல், விரல்நுனிகளால் மட்டும் நிமிண்டி நிமிண்டி உதிர்க்க வேண்டும். உள்ளங்கையில் சூடு அதிகம். கட்டிகள் சிறுத்துக்கொண்டே வரும். மாவின் வெண்மை மறைந்து இளமஞ்சள் படியும். கடைசியில் கிண்ணத்தில் ஈர மணலைப் போன்ற உதிரி இருக்கும். அதை ஒரு கைப்பிடி அள்ளி அழுத்தினால் பிடியாக நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். அதற்குமேல் ஒரு நிமிடம்கூடக் கை வைக்கக் கூடாது. இடையில் வெண்ணெய் தளர்வதுபோல் தோன்றினால், கிண்ணத்தோடு பத்து நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டுத் தொடரலாம். பதம் வந்தபின் சீனியைக் கலக்க வேண்டும்.

தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த மாணவருக்கு இந்தப் பதம் புதிதாக இருக்க வேண்டியதில்லை. புட்டுக்கு மாவு நனைப்பவர்களும் இதையேதான் பார்க்கிறார்கள். வறுத்த அரிசி மாவில் உப்பு நீரைத் தெளித்துத் தெளித்துப் பிசறுவார்கள். ஒரு பிடி அள்ளி அழுத்துவார்கள். பிடித்தால் பிடிபட்டு, உதிர்த்தால் உதிர்ந்தால் தெளிப்பதை நிறுத்திவிடுவார்கள். அங்கே நீர் செய்யும் வேலையை இங்கே வெண்ணெய் செய்கிறது. சோதனை ஒன்றுதான், அதைச் செய்யும் கையும் ஒன்றுதான்.

தமிழ்மொழி இந்த வேலைக்குத் தனிச்சொல்லே வைத்திருக்கிறது. சப்பாத்தி மாவைப் பிசைகிறார்கள். புட்டு மாவைப் பிசறுகிறார்கள். பிசைவதில் உள்ளங்கையின் அழுத்தம் உண்டு, மாவு ஒன்றுதிரளும். பிசறுவதில் விரல்நுனி மட்டுமே உண்டு. மாவு சேர்ந்தும் சேராமலும் நிற்கும். இவ்விரண்டையும் ‘கலக்குதல்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிப் பேசும் மாணவருக்கு மொழி குறைந்திருப்பதாகச் சொல்வதைவிட, அடுப்படிப் பழக்கம் குறைந்திருப்பதாகச் சொல்வதே பொருந்தும். கிளறுதல், துழாவுதல், கடைதல், தாளித்தல் ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். செயல் வீட்டைவிட்டுப் போனால், சொல் அகராதிக்குப் போய்விடும்.

வீட்டில் பாட்டி ஒருவர் இருந்தால் இந்தப் பலகாரத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. அவர் ஓவனைத் தொட்டே இருக்கமாட்டார். கைப்பேசியில் உள்ள ஆங்கிலக் குறிப்பையும் படித்திருக்கமாட்டார். ஆனால், பேரன் கிண்ணத்தை நீட்டிக் கேட்டால், ஒரு பிடி மாவை எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, “போதும் கண்ணு, இனிமேல் கை வைக்காதே” என்று அவரால் சொல்ல முடியும். சிறிய திரையைப் பார்த்துச் சமைக்கும் பேரனுக்கும், வீட்டில் தனக்கு வேலை ஒன்றுமில்லை என்று தொலைக்காட்சிமுன் அமர்ந்திருக்கும் பாட்டிக்கும் இடையில் அந்த மாவு ஒரு பேச்சைத் தொடங்கி வைக்கும். அடுத்த வாரம் அதே பேரன் புட்டுக்குழலை எடுத்துத் தரச் சொன்னாலும் வியப்பில்லை. அந்நியப் பலகாரம் பாட்டியின் பலகாரத்தை வீட்டைவிட்டு விரட்டிவிடும் என்று அஞ்சுபவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்த அச்சம் முற்றிலும் தவறானதன்று. கொழுக்கட்டைக்கும் பணியாரத்துக்கும் பொறுமை இல்லாத வீட்டில் ஆப்பிள் கிரம்பிளைப் புகழ்வது சிலருக்கு உறுத்தலாம். ஆயினும், ஆப்பிள் இங்கிலாந்துக்கும் வந்தேறிய பழம்தான். அதன் பூர்விகம் மத்திய ஆசியாவில், கஸக்ஸ்தானை ஒட்டிய தியான் ஷான் மலைப்பகுதி. தமிழர் குழம்பில் காரம் சேர்க்கும் மிளகாயோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. உறக்கத்துக்குக் குளிர்காலம் தேவைப்படும் ஆப்பிள் மரம் வெப்ப நாடுகளில் எளிதில் காய்க்காது. அப்படியிருந்தும், இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் உள்ள பத்து என்னும் மலையூரில், உழவர்கள் மரத்தின் இலைகளைக் கையால் உருவி, குளிர்காலம் வந்து போனதாக மரத்தை நம்பவைத்து ஆப்பிள் விளைவிக்கிறார்கள். உணவு எங்கே பிறந்தது என்பதைவிட, அதை வாங்கிக்கொண்ட கை என்ன செய்தது என்பதே பெரிது. பழுப்புச் சீனிக்குப் பதிலாகக் குலா மலாக்காவைத் துருவிச் சேர்த்துப் பார்த்தால், அந்த மணத்தில் கிரம்பிள் சிங்கப்பூர் வீட்டுப் பிள்ளையாகிவிடும்.

பெற்றோர் பலரின் மறுப்பு வேறு வகையானது. “படிக்கிற பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை?” என்று கேட்கிறார்கள். அக்கேள்வியில் அன்பு இருக்கிறது. தாங்கள் பட்ட சிரமம் பிள்ளைக்கு வேண்டாம் என்ற எண்ணமும் இருக்கிறது. ஆனால், அந்த அன்பின் விளைவாக, இருபது வயதிலும் ஓர் ஆப்பிளைத் தோல் சீவத் தயங்கும் இளையர்கள் உருவாகிறார்கள். தோல் சீவுவதற்குப் பத்து நிமிடம், பிசறுவதற்குப் பத்து நிமிடம், ஓவனில் 35 முதல் 40 நிமிடம். கடைசிப் பகுதியில் ஓவன்தான் உழைக்கிறது. பக்கத்து மேசையில் அமர்ந்து கணக்குப் பயிற்சி செய்யலாம். தேர்வுக் காலத்தில்கூட ஒரு மாணவர் கைப்பேசியில் கழிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய இழப்பன்று.

பள்ளியில்தான் சொல்லிக்கொடுக்கிறார்களே என்பார் சிலர். சிங்கப்பூரில் உயர்நிலைப்பள்ளியின் தொடக்க ஆண்டுகளில் மாணவர்களும் மாணவிகளும் ‘உணவு, பயனீட்டாளர் கல்வி’ கற்கிறார்கள். நல்ல ஏற்பாடு அது. எனினும், பள்ளிச் சமையலறையில் மணி அடிக்கும். பாத்திரம் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒருவர் பிசறினால் இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே கற்றதை வீட்டில் ஒருமுறை செய்து பார்க்காவிட்டால், அது நீச்சல் குளத்தின் கரையில் நின்று கற்ற நீச்சலைப் போன்றது. பையன்கள் விஷயத்தில் இது இன்னும் உண்மை. பள்ளி அவர்களுக்குச் சமமாகச் சமையல் கற்பிக்கிறது. வீட்டிலோ சாப்பிட்ட தட்டை எடுக்கவும் அக்காவைக் கூப்பிடும் வழக்கம் சில இடங்களில் இன்னும் மறையவில்லை.

சீனியைப் பற்றிய கவலை எல்லாவற்றையும்விட நியாயமானது. நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று சிங்கப்பூர் 2016ஆம் ஆண்டிலேயே அறிவித்த நிலையில், ஒரு மாணவரிடம் இனிப்புச் செய்யச் சொல்வது முரணாகத் தோன்றலாம். கணக்கைப் பார்ப்பது நல்லது. மாவில் 60 கிராம், பழத்தில் 15 கிராம், ஆக 75 கிராம் சீனி. ஆறு பேர் பகிர்ந்தால் ஒருவருக்கு 12.5 கிராம். பானங்களுக்கான நியூட்ரி-கிரேட் முத்திரையில், 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்குமேல் சீனி இருந்தால் ‘டி’ தரம். அத்தகைய பானத்தை 330 மில்லிலிட்டர் குடிப்பவர் 33 கிராமுக்குமேல் சீனியை விழுங்கியிருப்பார். மென்று தின்ன ஒன்றும் இருந்திருக்காது. இதனால் கிரம்பிள் சத்துணவாகிவிடாது. இனிப்பு இனிப்புதான், வாரந்தோறும் செய்ய வேண்டியதில்லை. ஆனால், 60 கிராம் சீனியைத் தன் கையால் தராசில் அளந்து கொட்டியவருக்கு, அது கிண்ணத்தில் எவ்வளவு உயரம் நிற்கும் என்பது தெரியும். அடுத்த முறை 45 கிராமாகக் குறைத்துப் பார்க்கும் உரிமையும் அவருக்கு உண்டு. கடையில் வாங்கிய இனிப்பில் அந்த உரிமை இல்லை. முத்திரையைப் படிக்கலாம், அளவை மாற்ற முடியாது.

ஓவன் இல்லாத வீடுகளும் பல உண்டு. மேசைமீது வைக்கும் சிறிய ஓவன் போதும். ஏர் ஃபிரையரிலும் செய்யலாம். ஆனால், அதில் சூடான காற்று வேகமாகச் சுழல்வதால் வெப்பத்தை 160 பாகைக்குக் குறைத்து, இருபதாம் நிமிடத்திலிருந்தே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வழக்கமான ஓவனுக்கு 180 பாகை. எதுவாயினும் கடிகாரத்தை மட்டும் நம்பக் கூடாது. தட்டின் ஓரங்களில் பழச்சாறு கொப்பளித்து மேலே வர வேண்டும். உதிரி பொன்னிறமாக வேண்டும். பட்டையும் வெண்ணெயும் கலந்த மணம் கூடத்துக்கு வந்து, படித்துக்கொண்டிருக்கும் தம்பியை எழுப்பிவிட வேண்டும். கத்தியும் சூடான தட்டும் உள்ள வேலை என்பதால், முதன்முறை செய்யும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது நலம். அருகில் இருப்பது வேறு, கையிலிருந்து பிடுங்கிச் செய்வது வேறு. பெற்றோர் பலருக்கு இரண்டாவதுதான் எளிதாக வருகிறது.

எடுத்தவுடன் சாப்பிடக் கூடாது. அந்தச் சாறு நாக்கைச் சுட்டுவிடும். பத்து நிமிடம் பொறுத்தால் சற்றுக் கெட்டியாகவும் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் கிண்ணத்தையும் கத்தியையும் பலகையையும் கழுவி வைத்துவிடலாம். மாவு காய்ந்து ஒட்டிக்கொண்டால் கழுவுவது இரட்டை வேலை. சமையல் காணொளி எதிலும் இந்தக் காட்சி வருவதில்லை. பனிக்கூழ் வைத்துச் சாப்பிட்டால் சுவை கூடும், மேலே போட்ட சீனிக் கணக்கும் சேர்ந்து கூடும்.

மீதமிருப்பதை ஆறியபின் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். மறுநாள் பத்து நிமிடம் ஓவனில் சூடாக்கினால் மேற்புறம் மீண்டும் ஓரளவு மொறுமொறுப்பாகும். நுண்ணலை அடுப்பில் வைத்தால் மெத்தென்று போய்விடும். சூடாக்கவே பொறுமையில்லாமல், குளிர்ந்த கிரம்பிளின்மேல் இரண்டு கரண்டித் தயிரை ஊற்றிக் காலை உணவாகச் சாப்பிடுபவர்களும் இருக்கிறார்கள்.